எண்ணூறு விக்கெட்டுகள்: கண்டி தந்த சுழற்பந்து வீரர்

கண்டி மாநகரை விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, தென்னெக்கும்புரைப் பாலத்தைக் கடந்து செல்வோமாயின், மகியங்கனை நெடுஞ்சாலை குண்டசாலை, பல்லேகலை, திகன என்னும் ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு தெல்தெனியவை அடைகின்றது. இன்றைய தெல்தெனிய புதிதாக அமைந்த ஊர். மகாவலி கங்கைக்குக் குறுக்கே விக்டோரியா அணை எழுந்தபொழுது, 1980-களில், பழைய பட்டினம் நீருள் மறைந்துவிட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழுங் காலங்களில் அப்பழைய ஊரின் இடிபாடுகள் மேலெழுந்து தோன்றுவதும், அவற்றைக் காணச் சனங்கள் திரள்வதும் உண்டு.

இச்சாலையோரத்தில் இரண்டு இடங்கள் நமது கருத்துக்குரியன. ஒன்று, குண்டசாலைப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்திவந்த பிஸ்கட் தொழிற்சாலை. மற்றொன்று, பல்லேகலையிலுள்ள சர்வதேசக் கிரிக்கெட் மைதானம். இவ்விரண்டையும் இணைத்து நிற்கும் பெயர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் உலகத்திலே அவர் ஒருவர்தாம். அந்த எண்ணை அறியாத பள்ளிச் சிறுவன் இலங்கையில் இல்லை எனலாம். ஆனால் அதனை எட்டுவதற்கு முன் அவர் எத்தகைய வழக்கொன்றை எதிர்நின்று நடத்த வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். மலையகத்துத் தமிழர் பல்லாயிரவரின் குடும்ப வரலாறும் இவ்வாறே தொடங்குகின்றது. பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பிவிட்டார். அவர் மைந்தர் முத்தையா கண்டியிலேயே தங்கி, பிஸ்கட் செய்யும் தொழிலில் இறங்கி முன்னேறினார். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவராக்கியதும், 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டதும் நாம் அறிந்த கதை. அத்தகைய ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளை, பிற்காலத்தில் இலங்கையின் சிங்க இலச்சினையை மார்பில் அணிந்து பதினெட்டு ஆண்டுகள் ஆடினார் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அவருடைய வாழ்வின் முழுக் கனமும் விளங்கும்.

1972 ஏப்ரல் 17-ஆந் தேதி கண்டியில், நான்கு ஆண்மக்களுள் மூத்தவராகப் பிறந்தார் முரளிதரன். அவர் ஐந்து வயதுச் சிறுவராயிருந்தபொழுது, 1977-இல் தமிழர்க்கெதிரான கலவரம் மூண்டது. குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. தந்தையார் வெட்டுக்காயம் பட்டார். சாம்பலிலிருந்து அத்தொழில் மறுபடியும் கட்டியெழுப்பப்பட்டது. இந்தச் சாலை நெருப்பைக் கண்டது அதுவே கடைசி முறையென்று கூறுவதற்கில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

பிள்ளையைக் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் விடுதியிலே சேர்த்தார் தந்தையார். பெனடிக்ற் சபைத் துறவியர் வளர்த்த கல்லூரி அது. அங்கே சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கூடத்தில் உண்டு உறங்கிப் படித்தனர். முரளிதரன் முதலில் மிதவேகப் பந்து வீசுபவராகவே ஆடினார். பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவருடைய மணிக்கட்டின் விநோதமான வளைவைக் கவனித்து, வேகத்தை விடுத்துச் சுழற்பந்தை முயலும்படி கூறினார். வரலாற்றில் பெரிய திருப்பங்கள் இவ்வளவு சிறிய பேச்சுகளால் நிகழ்ந்துவிடுகின்றன! கடைசி இரண்டு பள்ளிப் பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்னும் விருதும் அவரை வந்தடைந்தது. பின்னர் கொழும்பு சென்று தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்தார். 1899-இல் தோன்றிய அக்கழகம், முன்னொரு காலத்தில் மகாதேவன் சதாசிவத்தை ஆளாக்கியது. 1947-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் சதாசிவம் குவித்த 215 ஓட்டங்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிராதவர் யார்?

இனி, வழக்கின் மூலத்தைப் பார்ப்போம். அமெரிக்கரும் ஜப்பானியரும் ஆடும் பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் பந்தெறிபவர் முழங்கையை மடக்கி, பின் சடாரென நிமிர்த்திக் கல்லெறிவதுபோல எறிகிறார். அவ்வாட்டத்தில் அதுவே முறை, அதுவே அழகு. கிரிக்கெட்டிலோ அது பெருங்குற்றம். பந்து வீசுவோரின் கை தோளுயரத்தை எட்டியபின், பந்து கையை விட்டு நீங்குமட்டும், முழங்கை நிமிர்தல் கூடாது என்பது விதி. மடங்கிய கையோடு வீசினால் குற்றமில்லை. மடங்கிய கையை நிமிர்த்தினாற்றான் குற்றம். இவ்வேறுபாட்டை மனத்தில் நிறுத்தாமல் முரளிதரனைக் குறித்து விவாதித்தோர் அநேகர். அவர்களுள் நடுவர்களும் உண்டு, பிரதம மந்திரியொருவரும் உண்டு.

முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிர மாட்டாதது. நிமிராத அந்தக் கையோடு, பின்னாலும் பக்கத்தாலும் வளையும் மணிக்கட்டும், மிக எளிதாகச் சுழலும் தோள்மூட்டும் சேர்ந்துகொண்டன. பிறர் விரல்களாற் சுழற்றிய ஓஃப் ஸ்பின் பந்தை அவர் மணிக்கட்டினாற் சுழற்றினார். ஆகவே தட்டையான ஆடுகளத்திலும் அவர் பந்து பாம்புபோல் வளைந்து திரும்பியது. அகலத் திறந்த கண்களும், பந்தை விடுக்கும் கணத்தில் முகத்திலெழும் விசித்திரமான நெளிவும் காண்போர்க்கு வேடிக்கையாயிருந்தன. மட்டையைப் பிடித்து எதிரே நின்றவர்க்கு அப்படியில்லை.

1992 ஆகஸ்டில் கொழும்பு கெத்தாராமை மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் டெஸ்ட் அரங்கேறினார். முதல் விக்கெட்டாக வீழ்ந்தவர் கிரெய்க் மெக்டெர்மொட். மூன்று ஆண்டுகள் ஓடின. 1995 டிசம்பர் 26-ஆந் தேதி மெல்போர்ன் மைதானத்திலே, பல்லாயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில், நடுவர் டாரல் ஹேயர் அவர் பந்துகளில் ஏழினை ‘எறிந்தார்’ என்று கூறி நோ-போல் என அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்து வீசும் முனையை மாற்றிக் கொடுத்தார். மறுமுனையில் நின்ற நடுவர் யாதொரு குறையுங் கூறவில்லை. ஒரே மனிதர், ஒரே கை, ஒரே நாள். ஒரு முனையிற் குற்றவாளி, மறுமுனையில் நிரபராதி!

பத்து நாட்களின் பின் பிரிஸ்பேனில் வேறொரு நடுவர், ரொஸ் எமர்ஸன், மீண்டும் ஏழு முறை அவ்வாறே அறிவித்தார். லெக் பிரேக் என்னும் எதிர்ச்சுழல் பந்தை வீசியபோதுகூட அவர் விடவில்லை. அந்த வகைப் பந்தை முழங்கையை நிமிர்த்தி எறிவது மிக அரிது என்று ஆட்டமறிந்தோர் சொல்லி வியந்தனர். இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர், மொழி புரியாத அயல்நாட்டில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே நின்ற அந்த நிலையைச் சற்றுக் கற்பனை செய்க.

அதன்பின் நிகழ்ந்ததுதான் பாராட்டுக்குரியது. மனமுடைந்து வீடு திரும்புவதற்கு மாறாக, அவர் தம் கையை அறிவியலாரிடம் ஒப்புவித்தார். 1996-இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலும் பல திசைகளிலிருந்து படம்பிடித்து ஆராய்ந்தனர். நிமிராத முழங்கை வேகமாகச் சுழலும்பொழுது, அது எறிவதுபோன்ற தோற்றம் கண்ணுக்கு உண்டாகின்றது. உண்மையில் எறிதல் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. சர்வதேசக் கிரிக்கெட் சபை அவரை ஆட அனுமதித்தது. அதே ஆண்டு மார்ச் 17-ஆந் தேதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை ஏந்திய பொழுது அந்த அணியில் முரளிதரனும் இருந்தார்.

1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஒரேயொரு டெஸ்ட் ஆட்டத்துக்குத்தான் இங்கிலாந்து இலங்கையை அழைத்திருந்தது. முதல் இன்னிங்ஸில் 155 ஓட்டங்களுக்கு 7, இரண்டாவதில் 65 ஓட்டங்களுக்கு 9, ஆக 16 விக்கெட்டுகளை முரளிதரன் வீழ்த்தினார். இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது. சிறிய நாடொன்றுக்கு ஒரு டெஸ்ட் போதும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது தக்க விடை.

ஆயினும் சந்தேகம் ஓயவில்லை. 1999 ஜனவரியில் அடிலெயிட் மைதானத்தில் எமர்ஸன் மறுபடியும் நோ-போல் அறிவித்தார். ரணதுங்க தம் அணியினரை மைதான எல்லைவரை அழைத்துச் சென்று நின்றார். ஆட்டம் வெகுநேரம் தடைப்பட்டது. தன் வீரனுக்காகத் தலைவன் இப்படி நின்றது கிரிக்கெட் மரியாதைக்கு ஏற்குமா என்று அக்காலத்திற் பலர் வினவினர். ஏற்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாட்டிலே இரு இனத்தவரும் துப்பாக்கி ஏந்தி நின்ற அவ்வாண்டுகளில், ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ் இளைஞனுக்காக உலகத்தின் கண்முன் சினந்து நின்ற காட்சியை இலங்கையர் எளிதில் மறந்துவிட முடியுமா?

2004-இல் சிக்கல் வேறு உருவில் வந்தது. ‘தூஸ்ரா’ என்னும் பந்து, ஓஃப் ஸ்பின் போலத் தோன்றி எதிர்ப்புறந் திரும்புவது. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் பிரபலப்படுத்திய அதனை முரளிதரனும் கைக்கொண்டிருந்தார். அதனை வீசுகையில் அவர் முழங்கை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் நிமிர்கின்றது என்று ஆராய்ச்சியிற் கண்டனர். அப்பந்தை வீசலாகாது எனத் தடையும் பிறந்தது. சுழற்பந்து வீசுவோர்க்கு அன்று அனுமதித்த அளவு ஐந்து பாகை. வேகப்பந்து வீசுவோர்க்கோ பத்துப் பாகை. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் அவரை எறிபவர் என்று வெளிப்படையாகவே கூறினார். அவ்வாண்டு அவுஸ்திரேலியப் பயணத்தில் முரளிதரன் கலந்துகொள்ளவில்லை.

அவ்வாண்டிலேயே, முழங்கை நிமிரவே இயலாதபடி உருக்குக் கம்பிகள் பொருத்திய கவசமொன்றைக் கையில் அணிந்துகொண்டு, தொலைக்காட்சிக் கருவிகளின் முன்னே தம் பந்துவகைகள் அனைத்தையும் தூஸ்ரா உட்பட வீசிக் காட்டினார். மறுபுறம், நுட்பமான கருவிகளால் உலகின் முன்னணிப் பந்துவீச்சாளர்களின் கைகள் அளக்கப்பட்டன. வெளிவந்த உண்மை யாவரையும் திகைக்க வைத்தது. மாசற்ற கை எனப் போற்றப்பட்டவர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் வீசுகையிற் சிறிது நிமிரத்தான் செய்கின்றது! வெறுங்கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவே. எனவே 2005 மார்ச் முதல், வேகமாயினும் சுழலாயினும் யாவர்க்கும் பதினைந்து பாகை என்று சபை விதியை மாற்றியமைத்தது. முரளிதரனுக்காக விதியை வளைத்தனர் என்று இன்றும் கூறுவோர் உளர். பழைய விதியை உள்ளபடி பிரயோகித்திருந்தால் பந்து வீச உலகில் எவரும் எஞ்சியிருக்க மாட்டார் என்பதை அவர்கள் கூறுவதில்லை.

இந்த அமளிகளுக்கிடையே அவர் தம் தொழிலை நடத்திக்கொண்டேயிருந்தார். இங்கிலாந்தின் லங்காஷயர், கென்ற் மாகாண அணிகளுக்கு ஆடினார். 1999-இல் லங்காஷயருக்காக ஏழே ஆட்டங்களில் 66 விக்கெட்டுகள்! 2008-இல் இந்தியாவில் ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கியபொழுது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் முதல் மூன்று ஆண்டுகள் இருந்து, 2010-இல் அது கிண்ணம் வென்றதிற் பங்கு கொண்டார். பின்னர் கொச்சி, பெங்களூர் அணிகள். சென்னையிலே அவர் அயலாரல்லர். 2005-இல் அந்நகரத்து மதிமலரை மணந்து மாப்பிள்ளையாகிவிட்டவர். சேப்பாக்கத்து மக்களும் அந்த உறவை மறக்காமல் ஆரவாரித்தனர்.

2004 டிசம்பர் 26-ஆந் தேதியைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்வது தகாது. மெல்போர்ன் நிகழ்ச்சிக்குச் சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே நாளில், ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களை விழுங்கியது. தென்கரைக்குப் புறப்படவேண்டிய முரளிதரன் காலதாமதத்தால் உயிர் தப்பினார். அடுத்துவந்த நாட்களில் உணவும் மருந்தும் ஏற்றிய வண்டிகளைத் திரட்டி, நாட்டின் பல பக்கங்களுக்கும் அனுப்புவதில் முன்னின்றார். பின்பு தம் மேலாளர் குஷில் குணசேகரவின் சீனிகம அறநிறுவனத்தோடு சேர்ந்து, வீடிழந்தோர்க்கு வீடு கட்டும் பணியில் இறங்கினார். இப்பணிகளைப் பற்றி அவரைக் காட்டிலும் பிறரே மிகுதியாகப் பேசினர்.

சொந்த ஊரான கண்டியில், திரினிற்றிக் கல்லூரிக்குரிய அஸ்கிரிய மைதானம் மலைகளின் மடியிலே அமைந்தது. 2002 ஜனவரி 4-ஆந் தேதி அங்கே சிம்பாப்வேயின் ஒன்பது விக்கெட்டுகளை ஒரே நாளில் 51 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். ஓர் இன்னிங்ஸில் பத்தும் ஒருவரே எடுப்பது அதுவரை ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே என்னும் இருவர்க்கே வாய்த்த பேறு. ஊரே விழித்திருந்து காத்தது. மறுநாட் காலை பத்தாவது விக்கெட் சமிந்த வாஸின் கைக்குப் போயிற்று. கொடுத்துவைக்கவில்லை! ஆனால் 2007 டிசம்பர் 3-ஆந் தேதி அதே மைதானம் கடன் தீர்த்தது. இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட் சரிந்தபோது, ஷேன் வோர்ணின் 708 என்னும் எல்லை கடந்து 709 ஆயிற்று. பெற்றோர் பார்த்திருந்தனர். பட்டாசு வெடித்தது.

2010 ஜூலையில், காலியில் இந்தியாவுடன் நடைபெறும் முதல் டெஸ்ட் ஆட்டத்தோடு விலகுவதாக அறிவித்தார். அப்போது அவர் கணக்கில் இருந்தவை 792. எண்ணூறுக்கு எட்டுக் குறைவு. அடுத்த ஆட்டங்களிலும் ஆடி எளிதாக அவ்வெண்ணை எட்டலாமே என்று நண்பர் பலர் வேண்டினர். அவர் இசையவில்லை. முதல் இன்னிங்ஸில் சச்சின் டெண்டுல்கர் தொடங்கி ஐவர் வீழ்ந்தனர்: 797. இரண்டாவது இன்னிங்ஸில் லசித் மாலிங்க ஐந்து விக்கெட்டுகளைக் கவர்ந்துகொண்டார். லக்ஷ்மண் ஓடுகையில் ஆட்டமிழந்தார். யுவராஜ், ஹர்பஜன் இருவரையும் முரளிதரன் வீழ்த்த, 799. எஞ்சியதோ ஒரே ஒரு விக்கெட். அதனையும் வேறொருவர் எடுத்துவிட்டால் எண்ணூறு என்றென்றைக்கும் கைநழுவிப் போய்விடும். கடைசி இணையர் நெடுநேரம் நின்றாடினர். மழை மேகங்கள் ஒருபுறம். பந்துக்குப் பந்து மக்கள் மூச்சை அடக்கினர். ஈற்றில், பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பைத் தொட்டுச் சென்ற பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைகளிற் சென்று அடங்கிற்று. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் வீசிய 44,039-ஆவது பந்து அது. அதுவே கடைசிப் பந்தும். அவர் பந்துக்கு ஜயவர்தன பிடித்த 77-ஆவது பிடியும் அதுவே.

மறு ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில், தாய்மண்ணில் அவர் வீசிய கடைசிப் பந்திலும் ஒரு விக்கெட் வீழ்ந்தது. கதையெழுதுவோர் இப்படி எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

புகழ் ஒருபுறமிருக்க, தமிழர் எல்லோரும் அவரை ஒருமனதாகக் கொண்டாடினர் என்று எழுதுவது உண்மையாகாது. யுத்தத்தையும் ஆட்சியாளரையும் பற்றி அவர் கூறிய சில கூற்றுகள் இங்கும் தமிழகத்திலும் பலர் உள்ளத்தைப் புண்படுத்தின. அவர் வாழ்க்கையைப் படமாக்க முனைந்தபொழுது, எதிர்ப்பின் காரணமாக 2020-இல் நடிகர் விஜய் சேதுபதி விலகினார். ‘800’ என்ற பெயரோடு வேறு நடிகரைக் கொண்டு அப்படம் 2023-இல் வெளிவந்தது. மைதானத்தில் அவர் பெற்ற வெற்றியைக் கொண்டு அவரது அரசியல் சொற்களை ஏற்கவேண்டியதுமில்லை. அச்சொற்களைக் கொண்டு அந்த எண்ணூற்றை மறுக்கவும் இயலாது. இரண்டையும் தனித்தனித் தராசில் நிறுப்பதே நியாயமென எமக்குத் தோன்றுகிறது.

சாதனைகள் முறிவதற்கே நிகழ்கின்றன என்பர். ஆனால் பேஸ்பாலில் சை யங் என்னும் பந்தெறிவீரர் 1911-இல் ஓய்வுபெற்றபொழுது நிறுத்திச்சென்ற 511 வெற்றிகள் என்ற எல்லையை இன்றளவும் ஒருவரும் நெருங்கவில்லை. முரளிதரனின் எண்ணும் அந்த இனத்தைச் சேர்ந்ததென்றே படுகிறது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் அண்டர்சன் 2024-இல் 704-உடன் ஓய்வுபெற்றார். டெஸ்ட் ஆட்டங்கள் குறைந்து, நாலு மணி நேரத்து ஆட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில், எண்ணூறு பேரை வீழ்த்தும் அளவு ஓவர்களை எந்த இளைஞனுக்குக் கொடுப்பர்?

பல்லேகலை மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதென 2010-இல் மத்திய மாகாண சபை தீர்மானித்தது. ஆனாலும் அங்கே முதல் டெஸ்ட் நடைபெற்றது அவ்வாண்டு டிசம்பரில். அதாவது, அவர் ஓய்வுபெற்ற ஐந்தாவது மாதம். அந்த மைதானத்தில் ஒரு டெஸ்ட் பந்தேனும் வீச அவருக்கு வாய்க்கவில்லை. 2011 மார்ச்சில் சிம்பாப்வேயுடன் நடந்த உலகக் கிண்ண ஆட்டத்தில் மாத்திரம், தந்தையாரின் தொழிற்சாலைக்குச் சிறிது தூரத்திலேயே, சொந்த ஊர்ச் சனங்களின் முன்னே ஆடினார். திகனவுக்கும் தெல்தெனியவுக்கும் போகும் பேருந்துகளிலோ நடத்துனர்கள் ‘பல்லேகலை, பல்லேகலை’ என்றே கூவுகிறார்கள்.